சிகரெட் பணம்: கட்டடமா, பிரசாரமா, வயது வரம்பா?

1998 நவம்பரில் அமெரிக்காவின் 46 மாநிலங்களும் பெரிய சிகரெட் கம்பெனிகளும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. புகைப்பழக்கத்தால் அரசுகள் சுமந்த மருத்துவச் செலவுக்கு ஈடாக, 25 ஆண்டுகளில் சுமார் 20,600 கோடி டாலர் என்று கணக்கு. அதை எதற்குச் செலவழிப்பது என்பதில் மாநிலங்களுக்குக் கட்டுப்பாடு இல்லை. நியூயார்க், கலிபோர்னியா மாநிலங்களில் ஒரு பங்கு உள்ளூர் நிர்வாகங்களின் கைக்கே போனது.

நியூயார்க் மாநிலத்தின் நயாகரா கவுண்டி (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) அந்தப் பணத்தில் 2.4 கோடி டாலரைச் சிறைக்கும் அலுவலகக் கட்டடத்துக்கும் போட்டது. இன்னொரு 7 லட்சம் டாலர் கோல்ஃப் மைதானத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய்களுக்குப் போனது. கோல்ஃப் செலவைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஆனால் கட்டடத்தைக் குறை சொல்வது அவ்வளவு சுலபமில்லை. சொத்து வரியை ஏற்றினால் ஓட்டுப் போகும், பழைய கட்டடமோ காத்திருக்காது.

நியூயார்க்கின் பல கவுண்டிகள் வருடாவருடம் வரவேண்டிய தவணையையே அடகு வைத்துக் கடன்பத்திரம் விற்று, மொத்தமாகப் பணம் வாங்கின. இதில் ஒரு நியாயமும் உண்டு. சிகரெட் விற்பனை குறைந்தால் தவணையும் குறையும் என்பதுதான் ஒப்பந்தம். விற்றுவிட்டால் அந்த நஷ்ட பயம் பத்திரம் வாங்கியவர் தலையில். ஊர்க்காரர்கள் புகைப்பதை விட்டால் கஜானா வற்றுமே என்று கவுண்டி கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் பத்து வருடம் கழித்துப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஏதாவது செய்ய நினைத்தால் பெட்டி காலி.

ஃபுளோரிடா தனியாக 1997-லேயே சமரசம் செய்துகொண்டு, பணத்தில் ஒரு பகுதியை இளைஞர்களுக்கான பிரசாரத்தில் இறக்கியது. 'புகைத்தால் சாவாய்' என்று பயமுறுத்தாமல், 'கம்பெனிக்காரன் உன்னை ஏமாற்றுகிறான்' என்று பதின்வயதினரையே பேசவைத்த விளம்பரங்கள் அவை. 1998-க்கும் 2000-க்கும் இடையில் நடுநிலைப் பள்ளி மாணவரிடையே புகைப்போர் 18.5 சதவீதத்திலிருந்து 11.1-க்கு இறங்கினர். அப்புறம் என்ன, பலன் தெரியத் தொடங்கியபோதே சட்டமன்றம் நிதியை வெட்டியது. கட்டிய சிறையைப் பாதியில் யாரும் இடிப்பதில்லை, விளம்பரத்தை ஒரு பட்ஜெட்டில் நிறுத்திவிடலாம். 2006-ல் வாக்காளர்கள் மாநில அரசியலமைப்பிலேயே எழுதிவைத்த பிறகுதான் அந்த நிதிக்குப் பாதுகாப்பு வந்தது.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. மாசசூசெட்ஸின் நீடம் என்ற சிறு நகரம் 2005-ல் சிகரெட் வாங்கும் வயதை 21 ஆக்கியது. பிரசாரத்தோடும் கட்டடத்தோடும் ஒப்பிட்டால் செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. 'பக்கத்து ஊரில் வாங்கிக்கொள்வார்கள்' என்பதுதான் எல்லோரும் சொல்லும் ஆட்சேபம். நடந்தது வேறு. 2006 முதல் 2010 வரை அங்கே புகைக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 13 சதவீதத்திலிருந்து 7 ஆனார்கள். சுற்றியிருந்த ஊர்களில் 15-லிருந்து 12 வரைதான். பதினைந்து வயதுப் பையனுக்கு வாங்கிக் கொடுப்பவன் பெரும்பாலும் அதே பள்ளியில் படிக்கும் பதினெட்டு வயது அண்ணன்தான். 21 வயதுக்காரன் பள்ளி வளாகத்திலேயே இருக்கமாட்டான். 2013-ல் நியூயார்க் நகரம் அதே முடிவை எடுத்தது, 2019 டிசம்பரில் நாடு முழுக்கச் சட்டமானது.

சரி, நீடத்துக்கு இது ஏன் சுலபமாக இருந்தது? மாசசூசெட்ஸில் சிகரெட் வரி மாநிலத்துக்குப் போகிறது, ஊருக்கு அதில் பங்கில்லை. விற்பனை குறைந்தால் கடைக்காரருக்குத்தான் அடி, நகரசபைக்கு இல்லை. சிகாகோ அப்படியல்ல. மாநில வரி, கவுண்டி வரி போக, பாக்கெட்டுக்கு 1.18 டாலர் நகரமே வசூலிக்கிறது. விலை ஏறினால் கையில் காசில்லாத பையன்தான் முதலில் விடுவான் என்பதால் வரிக்கும் பலன் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட நகரம் ஒவ்வொரு பாக்கெட் குறையும்போதும் சாலைக்கும் சம்பளத்துக்கும் வேறு வழி தேடியாக வேண்டும்.