காரணம் பிடிபடாத ஒவ்வாமைக்காக நான் நாடிய மருத்துவகம்: ஒரு மதிப்பீடு

உடலெங்கும் திடீரென்று தடிப்புகள் எழுந்து, உதடு வீங்கி, தொண்டை இறுகி, அவசர சிகிச்சைப் பிரிவில் அட்ரினலின் ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பிய எவருக்கும் மறுநாள் முதல் மனத்தை அரிக்கும் கேள்வி, அது எதனால் வந்தது என்பதுதான். அந்தக் கேள்வியோடு நான் சென்ற ஒவ்வாமைச் சிறப்பு மருத்துவகத்தின் சேவையைப் பற்றியது இந்த மதிப்பீடு. குறைகளையும் சொல்லப்போவதால் மருத்துவகத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். ஆனால் நான் இங்கே வைத்துப் பார்க்கும் அளவுகோல்களை எந்த ஒவ்வாமை மருத்துவகத்துக்கும் வைத்துப் பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு வந்த ஒவ்வாமையின் காரணத்தை அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை, இருந்தும் இந்தச் சேவையை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

இங்கே கிடைத்தவற்றில் எனக்கு மிகவும் மதிப்புள்ளதாகப் பட்டது, சோதனைகளுக்கு முன்னால் மருத்துவர் நடத்திய நீண்ட விசாரணை. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுவிட்டு உடனே சோதனைப் பட்டியலை நீட்டும் வழக்கம் அவரிடம் இல்லை. முதல் அறிகுறி எது, அது உள்ளங்கை அரிப்பாகத் தொடங்கியதா அல்லது முகச்சிவப்பாகவா, அதற்கு முந்தைய ஆறு மணி நேரத்தில் நடந்தவை என்னென்ன, உடலுழைப்பு ஏதாவது இருந்ததா, காய்ச்சலோ சளியோ இருந்ததா, வலி மாத்திரை விழுங்கினேனா, பூச்சி கடித்ததா, ரப்பர் கையுறை தொட்டேனா, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கால வரிசையில் எழுதிக்கொண்டார். கேள்விகள் சில எனக்கு முதலில் தொடர்பற்றவையாகத் தோன்றின. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு என்பதை அவரே பின்னர் விளக்கினார். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் ஏசிஇ தடுப்பான் வகை மாத்திரைகள் அரிப்போ தடிப்போ இல்லாமலே உதட்டையும் நாக்கையும் வீங்கவைக்கக்கூடும். அதுவும் பல மாதங்கள் தொல்லையின்றி எடுத்துவந்த பிறகும் நேரலாம். அந்த வீக்கம், ஒவ்வாமையின்போது உடல் வெளியிடும் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளால் வருவதில்லை என்பதால் வழக்கமான ஒவ்வாமை மாத்திரைக்குக் கட்டுப்படுவதும் இல்லை.

ஆறு மணி நேரம் என்ற கணக்கிலும் பொருள் இருந்தது. உணவு ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களில் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் தலைகாட்டிவிடும். ஆனால் சிலவகை உண்ணிகள் கடித்ததால், ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரை மூலக்கூறுக்கு எதிராக எதிர்ப்புரதம் உருவாகிவிட்டவர்களுக்கு, ஆடு மாடு போன்ற பாலூட்டிகளின் இறைச்சியை உண்டு மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்தே எதிர்வினை வருகிறது. இரவு உணவுக்குப் பின் நன்றாக உறங்கச் சென்றவர் நள்ளிரவில் தடிப்போடு விழித்தால், அந்த உணவைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது. அதேபோல், கோதுமையைத் தனியாக உண்டால் ஒன்றும் நேராமல், உண்டபின் உடற்பயிற்சி செய்தால் மட்டும் கடுமையாக நேரும் ஒவ்வாமை ஒன்றும் உண்டு. கோதுமையில் உள்ள ஒமேகா-5 கிளையடின் என்னும் புரதம் அதற்குப் பெரும்பாலும் காரணமாகிறது. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும், மதுவும், காய்ச்சலும், தூக்கமின்மையும் இப்படித் துணைநின்று எதிர்வினையைத் தூண்டிவிடக்கூடியவை. எனக்கு நேர்ந்த நாளில் சளிக்காய்ச்சல், வலி மாத்திரை, உணவு, அதன்பின் வேகநடை ஆகிய நான்குமே இருந்தன. “நேற்றுவரை சாப்பிட்டதுதானே, இன்று மட்டும் எப்படி” என்று நான் கேட்ட கேள்விக்கு முதன்முறையாக ஒரு பொருத்தமான விளக்கத்தை இந்த அறையில்தான் கேட்டேன்.

சோதனைகளில் முதலாவது தோல் குத்துச் சோதனை. முன்கையின் உட்புறத்தில் ஒவ்வொரு பொருளின் சாற்றையும் ஒரு துளி வைத்து, நுனிமுள்ளால் மேல்தோலை லேசாகக் குத்துகிறார்கள். பதினைந்து முதல் இருபது நிமிடங்களில் முடிவு தெரிந்துவிடுகிறது. வலி என்று சொல்லும்படி ஒன்றுமில்லை, அரிப்புதான் பொறுத்துக்கொள்ள வேண்டியது. உப்புநீர்த் துளி ஒன்றையும் ஹிஸ்டமின் துளி ஒன்றையும் ஒப்பீட்டுக்காகச் சேர்த்தே வைக்கிறார்கள். உப்புநீர் இட்ட இடம் வீங்கக் கூடாது, ஹிஸ்டமின் இட்ட இடம் கட்டாயம் வீங்க வேண்டும், சோதிக்கும் பொருளின் தடிப்பு உப்புநீர்த் தடிப்பைவிடக் குறைந்தது 3 மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால்தான் அது கணக்கில் சேரும். செவிலியர் அளவுகோலை வைத்து அளந்து எழுதினாரே ஒழியக் கண் மதிப்பில் விட்டுவிடவில்லை. ஒவ்வாமை தாக்கிய உடனேயே இந்தச் சோதனையைச் செய்தால் தோல் சோர்ந்திருந்து பொய்யான முடிவைக் காட்டக்கூடும் என்பதால் நான்கு முதல் ஆறு வாரங்கள் காத்திருக்கச் சொன்னதையும் பாராட்ட வேண்டும். பதற்றத்தில் இருக்கும் நோயாளிக்கு அந்தக் காத்திருப்பு கசப்பானதுதான், ஆனால் அவசரப்பட்டுச் செய்த சோதனையால் பயனில்லை.

இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். சோதனைக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பிருந்து செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகளை நிறுத்த வேண்டும் என்று முன்பதிவுக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். சளி மருந்துகள் பலவற்றிலும், தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் சில மருந்துகளிலும் அதே ஹிஸ்டமின் எதிர்ப்புக் குணம் உண்டு என்பதை மட்டும் எழுதவில்லை. என்னோடு காத்திருந்த ஒருவருக்கு ஹிஸ்டமின் துளி இட்ட இடம்கூட வீங்கவில்லை. விசாரித்ததில் அவர் இருமல் மருந்து குடித்திருந்தது தெரியவந்தது. வேலைக்கு விடுப்புப் போட்டு வந்தவர் இன்னொரு நாள் வரும்படி திருப்பி அனுப்பப்பட்டார். மருந்துகளின் பட்டியலைக் கடிதத்தில் சேர்த்து, எந்த மருந்தை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்பதையும் தெளிவாக அச்சிட்டிருந்தால் இந்த வீண் அலைச்சல் நேர்ந்திருக்காது.

என் கையில் வேறொரு ஆய்வறிக்கையும் இருந்தது. காரணம் தெரியாமல் தவிப்பவர்களைக் குறிவைத்து, விரல் நுனியில் எடுத்த இரத்தத்தை அஞ்சலில் பெற்று, நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஐஜிஜி எதிர்ப்புரதம் பார்த்துத் தரும் சேவைகள் உண்டு. உறவினர் ஒருவர் அக்கறையோடு எனக்கு அதை ஏற்பாடு செய்திருந்தார். நான் அன்றாடம் உண்ணும் உணவுகளில் பெரும்பாலானவற்றுக்கு அதில் சிவப்புக் குறி இருந்தது. மருத்துவர் அதைப் பொறுமையோடு முழுவதும் பார்த்துவிட்டு, ஐஜிஜி என்பது அந்த உணவை உடல் சந்தித்திருக்கிறது என்பதற்கு மட்டுமே அடையாளம் என்றார். உடனடி ஒவ்வாமைக்குக் காரணமான எதிர்ப்புரதம், 1960-களில் கண்டறியப்பட்ட ஐஜிஇ. உணவு ஒவ்வாமையைக் கண்டறிய, ஐஜிஜியின் ஒரு வகையான ஐஜிஜி4-ஐப் பார்க்கும் சோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் கழகம் 2008-ஆம் ஆண்டிலேயே அறிவித்திருக்கிறது. அந்தச் சிவப்புப் பட்டியலை நம்பி ஒவ்வொரு உணவாக ஒதுக்கத் தொடங்கியிருந்த எனக்கு, எதையும் காரணமின்றி விலக்காதீர்கள் என்று எழுத்திலேயே கொடுத்தது பெரிய விடுதலை. ஐஜிஇ சோதனைக்கும் எல்லை உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. அது நேர்மறையாக வந்தாலும் உடல் அந்தப் பொருளை அடையாளம் கண்டுவைத்திருக்கிறது என்றுதான் பொருள். அதை உண்டால் எதிர்வினை வரும் என்று அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் அவர் எண்ணிக்கையில் குறைவான, என் வரலாற்றுக்குப் பொருந்திய பொருள்களை மட்டுமே சோதித்தார்.

ஒமேகா-5 கிளையடினுக்கும் ஆல்ஃபா-காலுக்கும் இரத்தத்தில் ஐஜிஇ இல்லை. வலி மாத்திரையை, மருத்துவகத்திலேயே கண்காணிப்பில் உட்காரவைத்து, மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிலும் ஒன்றும் நேரவில்லை. இரத்தத்தில் டிரிப்டேஸ் என்னும் நொதியின் இயல்பு அளவும் சரியாகவே இருந்தது. ஒவ்வாமையில் பங்குகொள்ளும் நோயெதிர்ப்புச் செல்களான மாஸ்ட் செல்கள் உடைந்து ஹிஸ்டமினைக் கொட்டும்போது சேர்ந்து வெளியேறும் பொருள் இது. அடிப்படை அளவே உயர்ந்திருந்தால் அந்தச் செல்களிலேயே கோளாறு இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் மருத்துவர், “உங்களுக்கு வந்தது கடுமையான ஒவ்வாமை எதிர்வினைதான், ஆனால் தூண்டியது எது என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியாது” என்று நேராகச் சொன்னார். ஏதோ ஒரு உணவின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவது அவருக்கு எளிது. நோயாளியும் நிம்மதியாகப் போவார். ஆனால் தவறான ஒன்றை வாழ்நாள் முழுக்க விலக்கிக்கொண்டு, உண்மையான காரணத்தை அறியாமலே மறுபடி சந்திக்கும் ஆபத்து அதில் இருக்கிறது. காரணம் கண்டறிய முடியாத இத்தகைய தாக்குதல்கள் மருத்துவத்தில் அறியப்பட்டவை என்பதையும், பலருக்கு நாளடைவில் அவை அரிதாகிக் குறைந்துவிடுகின்றன என்பதையும் அவர் சொன்ன விதத்தில் பொய்யான ஆறுதலும் இல்லை, அச்சுறுத்தலும் இல்லை. வெறும் தடிப்பு மட்டும் வந்து போகிறவர்களின் நிலை வேறு. அவர்களில் பலருக்குக் காரணம் ஒரு சாதாரண வைரஸ் தொற்றாகவே இருக்கும், ஆறு வாரங்களைத் தாண்டி நீடித்தால்தான் அதை நாள்பட்டதாகக் கருதி வேறு வழியில் அணுகுகிறார்கள்.

காரணம் தெரியாதவரை தற்காப்புதான் முதன்மையானது என்பதில் மருத்துவகம் உறுதியாக இருந்தது. அட்ரினலின் தானியங்கி ஊசிகள் இரண்டை எப்போதும் உடன் வைத்திருக்கும்படி பரிந்துரைத்தார்கள். முதல் ஊசிக்குப் பின் ஐந்து நிமிடங்களாகியும் தேறவில்லை என்றால் இரண்டாவதைப் போட வேண்டியிருக்கும். முள் இல்லாத பயிற்சி ஊசியைக் கையில் கொடுத்து, தொடையின் வெளிப்புற நடுப்பகுதியில், தேவையானால் உடையின் மேலேயே, அழுத்திப் பிடிக்கப் பழக்கினார்கள். எழுந்து நடக்காமல் படுத்து, கால்களை உயர்த்தி வைக்க வேண்டும். மூச்சுத் திணறல் மிகுந்திருந்தால் மட்டும் உட்காரலாம். மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருக்கும் பழக்கத்தைச் செவிலியர் கண்டிப்போடு மறுத்தார், அது சரியே. ஒவ்வாமை மாத்திரை அரிப்பைத் தணிக்கும், சரியும் இரத்த அழுத்தத்தையோ அடைபடும் மூச்சுக்குழாயையோ அது காப்பாற்றாது. ஊசிக்குப்பின் தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஏனெனில் சிலருக்கு அறிகுறிகள் அடங்கி, சில மணி நேரம் கழித்து மீண்டும் எழுகின்றன.

ஆனால் இந்தப் பயிற்சியை எனக்கு மட்டும் கொடுத்தார்கள். மயங்கி விழுந்தவர் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொள்ள முடியாது. உடன் வந்தவரை வெளியே உட்காரவைத்த முறையை மருத்துவகம் மாற்றிக்கொள்ள வேண்டும். மறுபரிசோதனைக்கு வேறொரு மருத்துவர் வந்ததால் வரலாற்றை மறுபடி முதலிலிருந்து சொல்ல நேர்ந்ததும் களைப்பூட்டியது. முதல் சந்திப்புக்கான காத்திருப்பு நீளமானது. அந்த இடைக்காலத்தில் என்ன செய்வது என்று ஒரு தாள் அனுப்பியிருந்தாலே பாதி அச்சம் தணிந்திருக்கும்.

இந்தச் சேவையை நாடுபவர்கள் தடிப்பின் ஒளிப்படங்களையும், அன்றைய மாத்திரைகளின் அட்டைகளையும், அவசர சிகிச்சைப் பிரிவு கொடுத்த சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு தடிப்பும் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தடயமின்றி மறைந்துவிடும். மருத்துவர் முன் போய் நிற்கும்போது காட்டுவதற்குத் தோலில் எதுவும் மிஞ்சியிருக்காது. கடைசியாக, மறக்காமல் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று உண்டு. அடுத்த முறை தாக்கினால் நான்கு மணி நேரத்துக்குள் டிரிப்டேஸ் அளவைப் பார்க்க இரத்தம் எடுக்கும்படி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு எழுதப்பட்ட சீட்டு அது. என் இயல்பு அளவும் அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த அளவில் 20 சதவீதத்தோடு 2 நானோகிராமும் சேர்ந்த உயர்வு ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் தென்பட்டால், மாஸ்ட் செல்கள் உடைந்தது உறுதிப்படும். முதல் தாக்குதலின்போது எனக்கு அந்த இரத்தம் எடுக்கப்படவில்லை. இந்தச் சீட்டைக் கேட்பவர்களுக்கு மட்டுமே கொடுக்கிறார்கள். கேட்க வேண்டும் என்பது தெரியாதவர்களே இங்கு அதிகம் வருகிறார்கள் என்பதால், காரணம் தெரியாமல் திரும்பும் ஒவ்வொருவரின் கோப்பிலும் அதை மருத்துவகமே சேர்த்துக் கொடுக்க வேண்டும்.