சஃபோக் கடலோரத்தில் ஏர் ஆனிங்: நன்றாகத்தான் உழைக்கிறது, ஆனாலும் வாங்கச் சொல்ல மாட்டேன்

காரில் இழுத்துப்போகும் வீட்டு வண்டியான கேரவனின் பக்கவாட்டில் கூடாரம்போல் மாட்டும் துணி அறைதான் ஆனிங், கம்பிக்குப் பதில் காற்றடைத்த கால்களில் நிற்பது ஏர் ஆனிங். எங்களுடையதில் ஒரு கால் பஞ்சராகி, உள் ட்யூப் மாற்றி, போன வாரம்தான் வீட்டுக்கு வந்தது. அந்தச் செலவின் சூடு ஆறுவதற்குள் நண்பர் ஒருவர், "பழைய மாடல்கள் தள்ளுபடியில் கிடைக்கிறதே, ஒன்று எடுத்துவிடட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அது அந்தப் பொருளுக்கும் நியாயமில்லை, கேட்டவருக்கும் நியாயமில்லை, அதனால் விவரமாக எழுதுகிறேன். கம்பி வைத்ததற்கும் காற்றடிப்பதற்கும் உள்ள வித்தியாசமெல்லாம் கேரவன் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை. அகலம் 390 செ.மீ., மூன்று காற்றுக் கால்கள், காற்றழுத்தம் 7 பிஎஸ்ஐ, அவ்வளவுதான்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில், இப்ஸ்விச்சில், போவது பெரும்பாலும் டன்விச், வெஸ்டில்டன், ஆல்டபரோ பக்கம். 1970லேயே இயற்கை அழகுக்காகப் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று அறிவித்த கடலோரம் அது. ஒரு பக்கம் கூழாங்கல் கடற்கரை, மறுபக்கம் ஹீத் எனப்படும் புதர் வெளி. ஆகஸ்டில் ஹெதர் என்ற குட்டைச் செடி பூத்தால் கண்ணுக்கு எட்டிய வரை ஊதா. வசந்தத்தில் கோர்ஸ் என்ற முள் புதர் முழுக்க மஞ்சள், வெயில் ஏறினால் அந்தப் பூவிலிருந்து தேங்காய் வாசனை வரும், நிஜமாகவே துருவிய தேங்காய் வாசனை. டன்விச் ஹீத்தில் நின்றால் தெற்கே சைஸ்வெல் பி அணுமின் நிலையத்தின் வெள்ளைக் கவிகை தெரியும், முதலில் கண்ணை உறுத்தும், அப்புறம் பழகிவிடும். கீழே மணல் மேடு கடலுக்குள் சரிந்துகொண்டே இருக்கிறது. டன்விச் ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். 1286இல் அடித்த புயலும் அதற்கு அப்புறம் வந்தவையும் ஊரின் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டன, மேட்டின் விளிம்பில் மிஞ்சியிருந்த பழைய தேவாலயமும் 1904க்கும் 1919க்கும் இடையில் பகுதி பகுதியாகக் கடலில் விழுந்தது. அப்படிப்பட்ட இடத்தில்தான் இந்தத் துணி நிற்க வேண்டும்.

நிற்கிறது. எத்தனை கோபம் இருந்தாலும் அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வட கடலிலிருந்து கிழக்குக் காற்று நேராக வந்து அடிக்கும். கேரவன் நிறுத்தும் பல சைட்டுகளில் வண்டியின் பின்மூலை, இடத்தைக் குறிக்கும் வெள்ளைக் குச்சியை ஒட்டி நிற்க வேண்டும் என்பது விதி, வண்டிக்கு வண்டி 6 மீட்டர் இடைவெளிக்காக அப்படி வைத்திருக்கிறார்கள், அதனால் ஆனிங் எந்தத் திசையைப் பார்க்கும் என்பது நம் கையில் இல்லை. ஒரு இரவு காற்று நேராக முன்பக்கத்தில் மோதி, கால்கள் உள்ளே வளைந்து வளைந்து நிமிர்ந்தன. பக்கத்தில் கம்பி ஆனிங் வைத்திருந்தவர்களுக்குக் காலையில் ஒரு கம்பி கோணிப் போயிருந்தது. எங்களுடையதில் ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பாதிக் காரணம் பெக்குகள், அதாவது துணியைத் தரையோடு பிடித்து வைக்கும் முளைகள். கூடவே கொடுக்கிற மெல்லிய கம்பி பெக் அந்த மண்ணுக்குச் சுத்தமாக உதவாது, மேலே புல் இருக்கிறதே தவிர அடியில் வெறும் மணல், மழை பெய்தால் கையாலேயே உருவிவிடலாம். டிரில்லால் திருகி இறக்குகிற நீளமான பெக் வாங்கிய பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினோம். அதே மணல்தான் அந்த இடத்தின் பெரிய வரமும். வேறு ஊர்களில் களிமண் வயலில் மழை பெய்தால் இரண்டு நாளைக்குச் சேறு மிதிக்க வேண்டும். இங்கே கொட்டித் தீர்த்தாலும் சீக்கிரமே தரை வடிந்துவிடும், பிள்ளைகள் செருப்போடு ஓடலாம்.

சரி, இனி என் பிரச்சினை. கிளம்புகிற அன்று காலை இந்த ஆனிங் ஈரமாகத்தான் இருக்கும். மழை பெய்யாவிட்டாலும் ஈரம், முதல் நாள் வெயில் கொளுத்தியிருந்தாலும் ஈரம். வானம் தெளிந்த இரவில் மெல்லிய பாலியஸ்டர் துணி சுற்றியுள்ள காற்றைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடலோரக் காற்றில் இருக்கும் ஈரமெல்லாம் வந்து அதன்மேல் இறங்கும். வெளியே பனி, உள்ளே நாம் விட்ட மூச்சு. முதல் நாள் மாலை இட்லி ஊற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம். காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்து பார்த்தால் கூரையின் தையல் நெடுக வரிசையாக நீர்த்துளிகள் தொங்கும், ஜிப்பைத் தொட்டதும் மொத்தமும் கழுத்தில் இறங்கும். குளிரில் கால்களில் காற்றும் சுருங்கி அழுத்தம் 6 பிஎஸ்ஐக்குக் கீழே போயிருக்கும், அதனால் கூரை தொய்ந்து துளிகள் எல்லாம் நடுவில் சேரும். கடல் மூடுபனி வந்துவிட்டால் பத்து மணி வரை சூரியனே கிடையாது. 12 மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும்.

காய்ந்திருக்கும்போதே இருபது கிலோவுக்கு மேல். ஈரத்தோடு அதைச் சுருட்டிப் பைக்குள் திணிப்பது இரண்டு பேர் வேலை, என் மனைவிக்கு அந்த அரை மணி நேரத்தில் என்னைப் பார்த்தாலே பிடிக்காது. வீட்டுக்கு வந்தால் விட்டுவிட முடியுமா? அப்படியே கட்டி வைத்தால் கரும்பூஞ்சை பிடித்துவிடும், ஒருமுறை பிடித்தால் கறை போகாது. எங்கள் வீட்டில் கராஜ் கிடையாது. மாடிப்படிக் கைப்பிடியில் பாதி, கதவுகளின் மேல் மீதி, இரண்டு நாளைக்கு வீடு முழுக்க ஈரத்துணி நாற்றம், படியெல்லாம் மணல். கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. பத்து நிமிடத்தில் நின்றுவிடும் என்று மட்டும் விளம்பரப்படுத்துகிறார்கள். நிற்கிற கதை பத்து நிமிடம்தான், காய்கிற கதைதான் இரண்டு நாள்.

இந்தப் பஞ்சரும் அதனால் வந்ததுதான். வீட்டில் விரிக்க இடமில்லை என்று, வெயில் வந்ததும் சைட்டில் எங்கள் இடத்தின் ஓரப் புல்லில் விரித்துக் காயவைத்தோம். வெயில் விழுந்த இடம் அது ஒன்றுதான், பக்கத்தில் கோர்ஸ் வேலி. காய்ந்து விழுந்த ஒரு முள் கால் உறையைத் துளைத்து உள்ளே தங்கிவிட்டது. அடுத்த முறை கால்களுக்குக் காற்றடைத்தபோது நன்றாக நின்றது, நடுராத்திரியில் அந்த ஒரு கால் மட்டும் மெதுவாகப் படுத்துவிட்டது. பழுது பார்த்தவர் முள்ளை எடுத்துக் காட்டினார், நகக்கண் அளவுதான், பழுப்பு நிறம்.

முள் குத்தியதற்குத் தயாரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள், அதற்கு ட்யூப் தனியாக விற்பதில்லை என்று பதில் வந்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. துணி புதிதாக இருக்கிறது, ஜிப் நன்றாக ஓடுகிறது, ஒரு ட்யூபுக்காக மொத்தத்தையும் தூக்கி எறி என்கிறார்கள். வாங்கிய கடையும் கையை விரித்துவிட்டது. கடைசியில் தனியாகப் பழுது பார்க்கும் ஒருவர்தான் நீளம் அளந்து வேறொரு ட்யூபைப் பொருத்திக் கொடுத்தார். நல்ல வேலை, நியாயமான கூலி, ஆனாலும் சிறிய தொகை இல்லை.

அதனால் வார இறுதிக்கு மட்டும் போய்வருபவர்கள், காயப்போட இடமில்லாதவர்கள் வாங்கவே வேண்டாம். மழைக்கு ஒதுங்க ஒரு சின்ன சன் கேனபி, அதாவது சுவரில்லாத வெறும் துணிக் கூரை போதும், அதைத் துடைத்துக் குளியலறையில் தொங்கவிட்டால் காய்ந்துவிடும். என்னுடையதை விற்பேனா என்றால் மாட்டேன். ஜூன் மாதம் இருட்டுகிற நேரத்தில் கொசுவலைப் பக்கத்தை மட்டும் மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்தால், ஹீத்துக்குள்ளிருந்து பக்கிகள் (நைட்ஜார் என்ற இரவுப் பறவைகள்) தையல் மிஷினை மிதிப்பதுபோல் விடாமல் ஒலி எழுப்பும். கேரவனுக்குள் இருந்தால் அது பாதிகூடக் கேட்காது. ஹெதர் பூக்கும் சமயத்துக்கு இடம் பதிவு செய்தாயிற்று, இதுதான் வருகிறது.

என் பேச்சைக் கேட்காமல் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒவ்வொரு காலுக்கும் தனி வால்வு இருக்கிறதா, ஒன்று போனால் மற்றவை நிற்குமா? அந்த மாடலின் ட்யூப் தனியாக என்ன விலை, இன்று கையிருப்பில் இருக்கிறதா? இரண்டாவதற்கு நேரான பதில் வராவிட்டால் எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.