புல்தரை போட ஆள் தேடுகிறீர்களா? முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கோவைப் புறநகரில் இருக்கிறது எங்கள் நகர். ரிசர்வ் சைட்டில், அதாவது பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய இடத்தில், பிள்ளைகள் விளையாடவும் பெரியவர்கள் மாலையில் உட்காரவும் புல்தரை போடலாம் என்று வீட்டுக்கு வீடு வசூலித்தோம். பென்ஷன் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தவர்களும் உண்டு. அந்தப் பணம் ஒரே கோடையில் மண்ணோடு மண்ணாகப் போய்விட்டது. புகார் நடப்பதால் ஒப்பந்தக்காரரின் பெயரை எழுதவில்லை. ஆனால் இதே கொட்டேஷன் பக்கத்து நகர்களிலும் சுற்றுவதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இந்தப் பதிவு.

'மெக்சிகன் புல், சதுர அடி 38 ரூபாய், அடிமண் தயாரிப்பு உட்பட' என்று எழுதிக் கொடுத்தார். மொத்தம் 2,400 சதுர அடி. அடிமண் தயாரிப்பு என்றால் அரை அடியாவது கொத்தி, கல் பொறுக்கி, செம்மண்ணும் மணலும் மக்கிய தொழு உரமும் கலந்து, தண்ணீர் தேங்காமல் மட்டம் பார்ப்பது. இவர்கள் ஒரு லாரி செம்மண்ணைத் தூவி, மிதித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் புல் பாய்களை (நர்சரியில் வளர்த்து மண்ணோடு பெயர்த்தெடுத்த புல்லை) விரித்துவிட்டுப் போனார்கள். பிற்பாடு கடப்பாறை போட்டுப் பார்த்தால் இரண்டு அங்குலத்துக்குக் கீழே செங்கல் உடைசலும் சிமென்ட் கட்டியும்தான். வேர் எங்கே இறங்கும்?

முதல் மாதம் பச்சைப்பசேல் என்றுதான் இருந்தது. நர்சரியில் வாங்கிய தெம்பு புல்லுக்கு அவ்வளவு நாள் தாங்கும். சரியாக அந்த நேரத்தில் வந்து மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டார். அப்புறம் கிளம்பியது கோரைக் களை.

ஒரு பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தோம். மண்ணுக்குள் கறுத்த கிழங்குகள், நூல் போன்ற வேர்த்தண்டில் ஒன்றோடு ஒன்று கோத்துக் கிடந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தால் தண்டு அறுந்துவிடும், கிழங்கு மட்டும் மண்ணிலேயே தங்கிவிடும். சிலவற்றில் வெள்ளை முளை அப்போதே பாயைக் குத்திக்கொண்டு மேலே வந்திருந்தது. நர்சரி மண்ணோடு வந்த கிழங்குகள் இவை. இறக்கும்போதே நாலு பாயைத் திருப்பிப் போட்டு அடிமண்ணை உதிர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்கவிடாமல் அவசரப்படுத்தினால் பாய்களை லாரியோடு திருப்பி அனுப்புங்கள்.

"மருந்து அடித்தால் சரியாகிவிடும் சார்" என்று தனி பில் போட்டார். அடித்தது கிளைபோசேட். பச்சையாக எது இருந்தாலும் கருக்குகிற மருந்து அது. கோரை வேறு, புல் வேறு என்று பார்க்காது. பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் மட்டுமே அடிக்கலாம் என்று 2022-இல் மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. பிள்ளைகள் உருண்டு புரளும் இடத்தில் ஒரு வார்த்தை சொல்லாமல் அடித்திருக்கிறார்! பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. புல் திட்டுத்திட்டாகக் கருகியது. கோரை கிழங்கிலிருந்து மறுபடியும் முளைத்தது.

பராமரிப்புக்கு மாதம் 6,000 ரூபாய். வந்த பையன் பிரஷ் கட்டர் என்ற புல்வெட்டும் மெஷினால் மண் தெரிகிற அளவுக்கு வழித்துவிட்டுப் போவான். ஒரு வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தாலே புல் தளர்ந்துவிடும், வெயில் காலத்தில் சொல்லவே வேண்டாம். தண்ணீர்க் கணக்கு இதைவிட மோசம். தினமும் டேங்கர் வேண்டும் என்றார், டேங்கரும் அவருடைய ஆளுடையதே. புதிதாகப் போட்ட புல்லுக்கு முதல் இரண்டு வாரம் தினமும் ஈரம் வேண்டும், அது நியாயம். வேர் பிடித்த பிறகு வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரே போதும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு லிட்டர். எங்கள் இடம் சுமார் 223 சதுர மீட்டர், ஆக வாரத்துக்கு 5,600 லிட்டர் கூட வராது. 6,000 லிட்டர் டேங்கர் ஒன்றே தாராளம். அதையும் இரண்டு தடவையாக ஆழமாக விடவேண்டும். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும், கோரைக்குத்தான் கொண்டாட்டம்.

கேட்டபோது "உங்க ஊர் தண்ணி உப்பு" என்றார். அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை. பில்லில் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டோம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது.

கையில் பணம் குறைவு என்றால் பாயே வேண்டாம். இடத்தைக் கொத்தி, கல் பொறுக்கி, வெறும் மண்ணுக்குத் தண்ணீர் விட்டுக் கோரையை முளைக்கவிட்டுக் கிழங்கோடு தோண்டி எடுங்கள். அலுக்காமல் திரும்பத் திரும்ப எடுக்கவேண்டும். பிறகு நல்ல வெயில் விழும் இடத்தில் அருகம்புல் கொடியைக் கணுவோடு கிள்ளி நட்டால் போதும், படர்ந்து மூடிக்கொள்ளும். நாங்கள் இப்போது அதைத்தான் செய்கிறோம், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கையாலேயே.

கொட்டேஷனில் கொத்தும் ஆழம், மண் கலவை, அடிக்கும் மருந்தின் பெயர், கோரை வந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் இருக்கவேண்டும். மூன்றில் ஒரு பங்குப் பணத்தையாவது மூன்று மாதம் நிறுத்தி வையுங்கள். நாங்கள் புதிதாகத் தயாரித்த ஒப்பந்த மாதிரி இருக்கிறது, வேண்டும் என்பவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.