கொட்டாங்குச்சியா, பாட்டிலா, எண்ணெய் கேனா: சென்னை பால்கனிக்கு எது சரி?

பழைய பொருளில் பறவைத் தீனிக்கலம் செய்ய நினைக்கும் பலர் முதலில் எடுப்பது தண்ணீர் பாட்டிலைத்தான். எதிரெதிரே இரண்டு ஓட்டை, குறுக்கே ஒரு மரக்கரண்டி, உள்ளே தினை, மூடியில் கயிறு. கரண்டிக் குழியில் தானியம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து விழும். பார்க்கவும் அழகு. ஆனாலும் சென்னையில் இதற்கு நான் முதலிடம் தர மாட்டேன்.

காரணம் ஈரம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் சாரல் பால்கனிக்குள்ளேயே அடிக்கும். கரண்டி நுழைந்த ஓட்டை வழியாக நீர் இறங்கி அடியில் தேங்கும். மேலே தானியம் நன்றாகத் தெரியும். அடியில் பூஞ்சை பிடித்துக் கட்டியாகியிருக்கும். பூஞ்சை பிடித்த தானியம், அதிலும் வேர்க்கடலை, பறவைகளுக்கு நஞ்சு. அடியில் துளை போடலாம்தான். ஆனால் தினை கொட்டாத அளவு சிறிய துளை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மே மாத வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்குவது தனிக் கதை.

ஐந்து லிட்டர் எண்ணெய் கேனில் பக்கவாட்டில் ஜன்னல் வெட்டினால் மேலே கூரை கிடைக்கிறது, மழைக்கு நல்லது. ஆனால் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுப் பிசுக்கே இல்லாமல் கழுவ வேண்டும். இறகில் எண்ணெய் ஒட்டினால் பறவைக்குப் பறப்பதே சிரமம். வெட்டிய விளிம்பில் டேப் ஒட்டுங்கள். ஜன்னல் பெரிதானால் புறா உள்ளே குடியேறிவிடும். அடுக்குமாடியில் புறா எச்சம் அக்கம்பக்கத்தாரோடு சண்டையில் முடியும். சிலருக்கு நுரையீரல் அழற்சியும் வரும். ஜன்னலின் உயரம் நான்கு செ.மீ. போதும். குருவி நுழையும், புறா நுழையாது. மைனாவும் கிளியும்கூட நுழையாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

என் தேர்வு கொட்டாங்குச்சி. கண் உள்ள பாதியை எடுங்கள். மூன்று கண்களில் ஒன்று மெத்தென்று இருக்கும். கம்பியால் குத்தினாலே வடிகால் தயார். அதன்மேல் தேங்காய் நாரைக் கொஞ்சம் வைத்தால் நீர் இறங்கும், தானியம் இறங்காது. உள்ளே ஒட்டியிருக்கும் தேங்காயைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, விளிம்பில் மூன்று துளை போட்டுக் கயிற்றில் தொங்கவிடுங்கள். ஆடும் விளிம்பில் குருவி சுலபமாக உட்காரும், கனத்த புறாவுக்கு அது ஒத்துவராது. காக்கை கவிழ்க்கும், அணில் கயிறு வழியே இறங்கித் தின்னும். அணில் தின்றால் என்ன, அதுவும் நம் வீட்டு விருந்தாளிதானே.

ஒரு பிடிக்குமேல் கொள்ளாது என்பதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அதுதான் அதன் பெரிய நிறை. காலையில் போட்டது மாலைக்குள் தீரும், பூஞ்சைக்கு நேரமே இல்லை. கழுவிக் கவிழ்த்து வைப்பதும் அரை நிமிட வேலை.

கிளிக்கூட்டம் வர வேண்டுமென்றால் இவை எதுவும் போதாது. ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்க்கும் ஜோசப் சேகர் மொட்டைமாடியில் பலகைகள் வைத்து, ஊறவைத்த அரிசியைப் பிடிபிடியாகப் பரப்பி ஆயிரக்கணக்கான கிளிகளுக்குப் படியளந்தார். மொட்டைமாடியும் அந்த உழைப்பும் இருப்பவர்களுக்குப் பழைய கதவுப் பலகையே சிறந்தது. எவர்சில்வர் தட்டு வேண்டாம், வெயிலில் கொதிக்கும். தேன்சிட்டு எந்தத் தானியத்துக்கும் வராது. அதற்கு ஒரு செம்பருத்திச் செடி வையுங்கள்.

எதில் வைத்தாலும் தினை, கம்பு, நொய் போதும். மிக்சர், உப்புப் போட்ட சோறு கூடாது. பக்கத்தில் அகலமான மண்சட்டியில் ஆழமில்லாமல் தண்ணீர் வைத்து, தினமும் மாற்றுங்கள், கொசுவும் வராது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும் நாட்களில் மட்டும் பாட்டிலுக்கு ஒரு வாய்ப்பு உண்டு, மழை இல்லாவிட்டால். நான் அப்போதும் கொட்டாங்குச்சியைக் காலியாகவே விடச் சொல்வேன். நம் குருவிகள் புல்விதையும் பூச்சியும் தேடத் தெரிந்தவை, நாலு நாள் சமாளித்துக்கொள்ளும்.