சவர்க்காரமா, இருமுகத் துகளா?

வெள்ளவத்தை வீட்டுச் சமையலறையில் ஒரு கண்ணாடிப் போத்தலில் தண்ணீரும் தேங்காய் எண்ணெயும் ஊற்றிக் குலுக்கினேன். சற்று நேரத்தில் எண்ணெய் மேலேறிவிட்டது. பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டதும் பால்போல் வெளுத்தது. மறுநாள் காலையில் பார்த்தால் மேலே ஆடைபோல் ஒரு படை.

சவர்க்கார மூலக்கூறு மிகச் சிறியது. தலை நீரை நாடும், வால் எண்ணெயை நாடும். மலிவிலும் வேகத்திலும் அதற்கு நிகரில்லை. ஆனால் நீரும் எண்ணெயும் சந்திக்கும் எல்லையில் நிலையாக உட்காராது. வெப்ப அசைவே அதைப் பிடுங்கிவிடும்.

அதே எல்லையில் உட்காரும் இன்னொன்று இருமுகத் துகள். அதற்கு ரோமரின் இருமுகக் கடவுள் யானஸின் பெயர். 1991ஆம் ஆண்டு நோபல் உரையில் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-ஜில் தெ ஜென் இதைப் பிரபலப்படுத்தினார். இதன் ஒரு பாதி நீருக்கு, மறுபாதி எண்ணெய்க்கு. 10 நானோமீற்றர் ஆரையுள்ள துகளையே எல்லையிலிருந்து கழற்ற, வெப்ப ஆற்றலைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு தேவைப்படலாம். மேற்பரப்பு முழுதும் ஒரேமாதிரியான ஒருமுகத் துகளும் நன்றாக ஒட்டும்தான். இருமுகத் துகள் அதைவிட மூன்று மடங்கு வரை இறுக்கமாக ஒட்டும் என 2001இல் பிங்ஸ், பிளெச்சர் என்ற ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினர். கலக்க மறுக்கும் இரு பிளாஸ்டிக்குகளின் எல்லையிலும் இது அசையாமல் நிற்கும். அங்கேதான் எனக்கு இதன்மேல் மதிப்பு.

செய்வதுதான் பெரும்பாடு. துகள்களை மெழுகில் பாதி புதைத்து, வெளியே தெரியும் பாதிக்கு மட்டும் பூச்சிட்டு, பிறகு மெழுகைக் கரைக்க வேண்டும். கிடைப்பதோ சொற்பம்.

கறிச்சட்டி கழுவ இதைக் கேட்பவர், கொசுவுக்குப் பீரங்கி கேட்பவர். பிளாஸ்டிக் கலவையை ஆண்டுக்கணக்கில் பிரியாமல் வைக்க வேண்டுமானால், நான் துகளையே எடுப்பேன்.