கால்மிதிக் கைகழுவும் தொட்டி: வன்னிப் பாடசாலை ஒன்றின் பாவனை அனுபவம்

கிளிநொச்சியில் உள்ள ஓர் இரும்பு ஒட்டுத்தொழிலகத்தில் (வெல்டிங் பட்டறையில்) செய்வித்து எமது பாடசாலையில் நிறுத்திய கால்மிதிக் கைகழுவும் தொட்டிகள் இரண்டும் ஒரு மாரியையும் ஒரு கோடையையும் கண்டுவிட்டன. கொரோனாவால் மூடிக் கிடந்த பாடசாலைகளில், 2021 ஒக்ரோபர் 21 ஆம் திகதி, இருநூறுக்குக் குறைந்த மாணவர்களைக் கொண்ட பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் முதலில் திறக்கப்பட்டபோது நாமும் அந்த வரிசையில் இருந்தோம். பிள்ளைகள் வருவதற்கு முன்னரே கைகழுவும் வசதி இருக்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வலியுறுத்தியிருந்தார். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பணம் திரட்டித் தந்தது. சுகாதாரக் குழுவின் பொறுப்பாசிரியராக இந்தத் தொட்டிகளை நாள்தோறும் பார்த்து வருகிறேன். அயலில் உள்ள பாடசாலைகள் பலவும் இதை வாங்கலாமா என்று கேட்பதால், கண்டதைக் கண்டபடி எழுதுவது நல்லது என்று கருதுகிறேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். பெட்டி இரும்பினால் ஒட்டிய ஒரு சட்டகம். அதன் மேல் மூடியுடன் கூடிய 100 லீற்றர் நீலப் பிளாஸ்ரிக் பரல். இடுப்பளவில் ஓர் எவர்சில்வர் பேசின். நிலத்தை ஒட்டி இரண்டு மிதிகட்டைகள். இடப்பக்க மிதியை அழுத்தினால் சவர்க்காரத் திரவம் சொட்டும்; வலப்பக்க மிதியை அழுத்தினால் தண்ணீர் வரும். மிதியையும் குழாயையும் இணைப்பது சைக்கிள் பிரேக் வயர், குழாயைத் திரும்ப மூடுவது ஒரு ஸ்பிரிங். எல்லாமே உள்ளூரில் கிடைக்கும் உதிரிப்பாகங்கள் என்பது இதன் பெரிய பலம். அறுந்த பிரேக் வயரை நாம் பாடசாலைக்கு முன்னால் உள்ள சைக்கிள் திருத்தும் கடையிலேயே மாற்றிக்கொண்டோம். தொட்டி ஒன்றின் விலை ஓர் ஆசிரியரின் அரை மாதச் சம்பளத்துக்குள் அடங்கியது. நகரக் கடைகளில் விற்ற ஆயத்தத் தொட்டிகளை விட அது மலிவு, இரும்பும் தடிப்பு.

கையால் குழாயைத் தொடாமல் கழுவலாம் என்பதற்காகத்தான் எல்லோரும் இதை வாங்குகிறார்கள். பாவித்துப் பார்த்ததில் எனக்குப் பெரிதாகத் தெரிந்த நன்மை வேறு: தண்ணீர் மிச்சம். சாதாரண குழாயைத் திறந்துவிட்டு ஒரு பிள்ளை 20 செக்கன் கை தேய்த்தால் ஏறத்தாழ இரண்டு லீற்றர் தண்ணீர் வீணே ஓடிவிடும். இங்கே தேய்க்கும்போது கால் மிதியை விட்டு விலகுவதால் தண்ணீர் தானாகவே நின்றுவிடுகிறது. கை நனைக்கவும் அலசவும் அரை லீற்றர் கூடத் தேவைப்படுவதில்லை. 150 பிள்ளைகள் காலையில் வந்ததும், மதிய உணவுக்கு முன்பும், மலசலகூடம் போய் வந்த பின்பும் கை கழுவுவதாக வைத்துக்கொண்டால், திறந்த குழாயில் 900 லீற்றர் வீணே ஓடிவிடும். இந்தத் தொட்டிகளில் முழுக் கழுவலுக்குமே அதன் காற்பங்கு போதும். சோழகக் காற்று வீசும் வறண்ட மாதங்களில் கிணற்று நீர் அடிமட்டத்துக்குப் போய்விடும் ஊர்களில் இந்த வித்தியாசம், கைகழுவுதல் தொடருமா நின்றுவிடுமா என்பதையே தீர்மானிக்கிறது.

மின்வெட்டுக் காலத்தில் இதன் அருமை இன்னும் கூடுதலாக விளங்கியது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களில், மோட்டர் ஓடாமல் மேல்தாங்கி வறண்டு கிடந்தது. மலசலகூடக் குழாய்கள் காற்றையே கக்கின. அப்போதும் மூத்த மாணவர்கள் கிணற்றில் அள்ளி வாளியால் நிரப்பிய பரலில் இருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பின்னர் எரிபொருள் தட்டுப்பாட்டால் மூடிய பாடசாலைகள் ஜூலை 25 ஆம் திகதி மீண்டும் தொடங்கி, வாரத்தில் மூன்று நாட்கள் மட்டும் நடந்தபோதும் அதே நிலைதான். மின்சாரத்தை நம்பாத எந்த ஏற்பாடும் வன்னிப் பாடசாலைக்கு ஒரு காப்பு என்பேன்.

குறைகளுக்கு வருகிறேன். முதற்குறை உயரம். தொழிலகத்தார் பெரியவர்களின் அளவில் பேசினை வைத்துவிட்டனர். முதல் நாள் தரம் ஒன்றுப் பிள்ளை ஒன்று வலது காலால் மிதித்தபடி கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "ரீச்சர், மிதிச்சா எட்டேல்லை, எட்டினா மிதிக்கேலாது" என்றது. அதுதான் உண்மை. சிறு பிள்ளையின் கால் மிதியில் இருக்கும்போது உடல் பின்னுக்குச் சாய்கிறது. கை முன்னுக்குப் போகாது. ஸ்பிரிங்கும் அவர்களுக்கு வன்மையாக இருந்தது. இரண்டு தொட்டிகளில் ஒன்றைத் திருப்பிக் கொண்டுபோய், கால்களை வெட்டிப் பேசினைத் தாழ்த்தி, மிதிகட்டையை முன்னுக்கு நீட்டி, ஸ்பிரிங்கை இளக்கித் தரச் செய்தோம். தொழிலகத்தார் முகம் சுளிக்காமல் செய்து தந்தனர், கூலியும் கேட்கவில்லை. இருந்தாலும் ஆரம்பப் பிரிவுக்கென்று செய்விப்பவர்கள் தரம் ஒன்றுப் பிள்ளை ஒன்றைக் கூட்டிச் சென்று அளந்து செய்விப்பதே புத்தி.

இரண்டாவது குறை தொட்டியுடையது அன்று, எங்கள் தண்ணீருடையது. வன்னியின் நிலக்கீழ் நீர் பல இடங்களில் கடினத்தன்மை மிக்கது. தேநீர்க் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணப்படிவு இந்தக் குழாயின் வாயிலும் படிகிறது. சில வாரங்களிலேயே குழாய் வாயைச் சுற்றி வெண்மையான பொருக்குக் கட்டியது. விரல் நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. பொருக்கு உள்ளேயும் ஏறியதும் வால்வு முழுதாக மூடவில்லை, இரவெல்லாம் சொட்டிக் காலையில் பரல் அரைவாசியாகிவிட்டது. ஸ்பிரிங் பழுது என்று எண்ணிப் புதிதாக வாங்கப் போகும் பாடசாலைகள் உண்டு. அது வீண் செலவு. குழாயைக் கழற்றித் தேசிக்காய்ப்புளியிலோ வினாகிரியிலோ ஓரிரவு ஊறவிட்டால் அமிலம் படிவைக் கரைத்துவிடுகிறது. காலையில் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் வால்வு மறுபடியும் இறுக மூடும். நாம் இதை மாதம் ஒருமுறை செய்கிறோம். பித்தளைக் குழாய் இந்தக் கழுவலைத் தாங்குகிறது. நிக்கல் பூச்சுப் பூசிய மலிவுக் குழாயின் பூச்சு உரிந்துவிட்டது. ஆகவே சில நூறு ரூபாய் கூடினாலும் பித்தளைக் குழாயையே போடச் சொல்லுங்கள்.

கடின நீரின் தொல்லை சவர்க்காரத்திலும் தெரியும். கட்டிச் சவர்க்காரத்தைச் சீவித் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் செலவு குறையும் என்று பலர் சொன்னார்கள். கல்சியம் கலந்த நீரில் அது நுரைக்காமல் பால்போலத் திரிந்து, சவர்க்காரக் குழாயையும் அடைத்துவிடுகிறது. செயற்கைத் துப்புரவுப் பொருளில் செய்த கைகழுவும் திரவம் கடின நீரிலும் நுரைக்கும். அதையே ஓரளவு தண்ணீர் சேர்த்து ஊற்றுகிறோம். 2022 இல் சவர்க்கார விலைகள் கண்மண் தெரியாமல் ஏறியபோது இந்தச் செலவு எம்மை வாட்டியது. பழைய மாணவர் சங்கம் அதைப் பொறுப்பேற்றிராவிட்டால் தொட்டி வெறும் தண்ணீர்த் தொட்டியாகியிருக்கும். சவர்க்காரம் இல்லாத கைகழுவல் பாதி வேலையே. கொரோனா வைரசின் வெளியுறை கொழுப்பினால் ஆனது. அதைக் குலைப்பது சவர்க்காரம், தண்ணீர் அன்று. தொட்டி வாங்கத் திட்டமிடும்போதே ஓராண்டுச் சவர்க்காரத்துக்கும் யார் பணம் தருவது என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

கழிவுநீரைப் பற்றி விற்பவர்கள் எவரும் வாய் திறப்பதில்லை. எமது முதல் தொட்டியின் கழிவுக் குழாய் பேசினுக்குக் கீழே நிலத்திலேயே முடிந்தது. மாரி தொடங்கியதும் அங்கே குட்டையொன்று உருவாகிவிட்டது. ஒரு நோயைத் தடுக்கப் போய் நுளம்புக்கு இடம் கொடுப்பது எவ்வளவு தவறு! முட்டையில் இருந்து நுளம்பாவதற்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். ஒரு நீண்ட வார இறுதியும் விடுமுறையும் சேர்ந்தால் அந்தக் காலம் வந்துவிடும். பி.வி.சி. குழாய் நீட்டிக் கழிவை வாழைப் பாத்திக்கு விட்டோம், பரலின் மூடி எப்போதும் இறுகியிருக்கிறதா என்று பார்க்க ஒரு மாணவத் தலைவரை நியமித்தோம், வெள்ளிக்கிழமை பாடசாலை விடும்போது பரலை வெறுமையாக்கிக் கவிழ்க்கிறோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: விளையாடிக் களைத்த பிள்ளைகள் இந்தக் குழாயில் வாய் வைத்துக் குடிக்கப் பார்ப்பார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் சிறுநீரக நோயை எண்ணிக் குடிநீருக்கே அஞ்சும் குடும்பங்கள் இருக்க, வாளியால் நிரப்பிய பரல் நீரைப் பிள்ளைகள் குடிப்பதை விடக்கூடாது. "குடிப்பதற்கன்று" என்று சிவப்பு எழுத்தில் எழுதி, வடிகட்டிய குடிநீரை வகுப்புக்கு அருகிலேயே வைத்தோம்.

வைக்கும் இடமும் முக்கியம். வெயிலில் நின்ற தொட்டியின் நீர் நண்பகலில் கை வைக்க முடியாதபடி சுட்டது. வேம்பின் நிழலுக்கு மாற்றிய பின்னரே பிள்ளைகள் விரும்பி வந்தனர். படலையடித் தொட்டியை ஆசிரியர்களே முதலில் பாவிக்க வேண்டும் என்று அதிபர் விதித்தது மிகச் சரியான முடிவு. யாழ்ப்பாணத்தில் இருந்தும் வவுனியாவில் இருந்தும் ஏ9 வீதியால் நெரிசல் பேருந்தில் வரும் ஆசிரியர்களே, ஊருக்கு வெளியே இருந்து தொற்றைக் கொண்டுவரும் வாய்ப்பு அதிகமுள்ளவர்கள். கையைக் கழுவிய பின்னரே வரவுப் பதிவேட்டில் கையொப்பம் என்ற வழக்கம் இன்றுவரை தொடர்கிறது.

இந்தத் தொட்டி எதைச் செய்யாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கொவிட்-19 பெரும்பாலும் காற்றுவழியே, மூச்சாலும் பேச்சாலும் பரவுகிறது. அதைக் கைகழுவல் மட்டும் தடுத்து நிறுத்தாது. எங்கள் வகுப்பறைகள் அரைச்சுவரும் கம்பிவலையுமாக இருப்பதால் காற்று தாராளமாக வந்து போகிறது, அது எமக்குக் கிடைத்த பேறு. ஆபத்து இருந்தது ஆசிரியர் ஓய்வறையிலும், கதவடைத்துக் குளிரூட்டி போடும் கணினி அறையிலும். முகக்கவசத்தைக் கழற்றி ஒன்றாகச் சாப்பிடும் ஓய்வறையை விட்டு மதிய உணவை மரநிழலுக்கு மாற்றியது, என் கணிப்பில், தொட்டியை விடக் கூடுதலாக ஆசிரியர்களைக் காத்திருக்கும். நெற்றியில் காட்டும் வெப்பமானியும் வாங்கினோம். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த பிள்ளையின் நெற்றி எப்போதும் சுடும், பத்து நிமிடம் நிழலில் இருத்தி எடுக்காவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

அப்படியானால் தொட்டி எதற்கு? வயிற்றோட்டத்துக்கு. சவர்க்காரமிட்டுக் கை கழுவும் பழக்கம் வயிற்றோட்ட நோய்களை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கும் என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து நிறுவிய முடிவு. சளி, காய்ச்சல் போன்றனவும் ஓரளவு குறைகின்றன. வெள்ளம் வந்து கிணறுகள் கலங்கும் மாரியில், கையால் பிசைந்து உண்ணும் மதிய உணவை ஒரே நேரத்தில் உண்ணும் பிள்ளைகளுக்கு இதைவிட உடனடியான பாதுகாப்பு வேறில்லை. முகக்கவசம் தேவையற்றுப் போன பின்னும் தொட்டி தேவைப்படுகிறது என்பதால்தான் இதில் போட்ட பணத்தை நான் நல்ல முதலீடாகக் கருதுகிறேன்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: கிணற்றையும் வாளியையும் நம்பியிருக்கும் சிறிய பாடசாலை என்றால் தயங்காமல் வாங்குங்கள். குழாய் நீர் ஒழுங்காக வரும் பாடசாலைகளுக்கு இது வேண்டியதில்லை. இருக்கும் குழாய்களை முழங்கையால் தள்ளும் நீண்ட பிடிக் குழாய்களாக மாற்றினால் குழாயைக் கையால் தொடாமல் கழுவும் பயன் குறைந்த செலவில் கிடைக்கும். செய்விப்பவர்கள் ஆரம்பப் பிரிவுக்கு ஒன்று, மேல்பிரிவுக்கு ஒன்று என இரண்டு அளவில் கேளுங்கள். பித்தளைக் குழாய், இளகிய ஸ்பிரிங், இரண்டு முழமாவது நீண்ட கழிவுக் குழாய் ஆகியவற்றை எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரும்புக்கு அடிப்பூச்சுப் பூசாமல் நிறம் மட்டும் அடித்துத் தருவார்கள். மிதிகட்டையின் ஒட்டுவாயில்தான் முதலில் துருவேறும், அந்த இடத்தைப் பார்த்த பின் மிகுதிப் பணத்தைக் கொடுங்கள்.