ஏழு கல் தோடும் பெட்டியோடு வரும் நாலு பக்கக் கதையும்

பாலக்காட்டுக் கடைத்தெருவில் ஏழு கல் வைரத்தோடு கேட்டால் இரண்டு விதம் எடுத்து வைப்பார்கள்: கல்லின் பின்புறம் தங்கத்தால் அடைத்த குளோஸ் செட்டிங் ஒன்று, பின்புறம் திறந்திருக்கும் ஓபன் செட்டிங் இன்னொன்று. கல்பாத்தி அக்ரஹாரத்துக் கல்யாணத்துக்கும் சரி, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கும் சரி, முதல் விதத்தில்தான் இன்னும் மனசு. இங்கே எடுத்துக்கொண்டிருப்பது நடுத்தரக் கடை ஒன்றின் குளோஸ் செட்டிங் தோடு. 22 காரட் தங்கம், நடுவில் ஒரு கல், சுற்றி ஆறு, கல்லுக்குப் பத்து சென்ட் (வைர எடையில் காரட்டில் பத்தில் ஒரு பங்கு), இரண்டு காதுக்கும் பதினாலு கல். கடையின் பெயர் வேண்டாம். இங்கே சொல்லும் குறைகள் இந்தத் தொழிலில் பரவலாக இருப்பவை.

முதலில் வேலைப்பாடு. அது நன்றாகவே இருக்கிறது. பத்து சென்ட் வட்டக் கல்லின் விட்டம் சுமார் 3 மில்லிமீட்டர். சுற்றியுள்ள ஆறும் ஒரே அளவாக இருந்தால்தான் பூ வட்டமாக உட்காரும். ஒரு கல் 2.7 ஆக இருந்தாலும் அந்த இடத்தில் தங்கம் தடித்துத் தெரியும். இந்தத் தோட்டில் அப்படி எங்கும் தெரியவில்லை. காதருகே வைத்து லேசாக ஆட்டினால் கிலுகிலு சத்தம் வரக் கூடாது, வரவில்லை. தண்டு பூவோடு சேரும் பற்றவைப்பு சுத்தம். திருகாணி மட்டும் மூன்று சுற்றிலேயே இறுகிவிடுகிறது. மரை குறைவாக இருந்தால் தூக்கத்தில் கழன்று விழும். ஐந்தாறு சுற்று கேட்டு வாங்குங்கள், செலவில்லாமல் மாற்றித் தருவார்கள்.

அடுத்தது எடை. பணம் சத்தமில்லாமல் போகும் இடம் இதுதான். வைரத்தில் ஒரு காரட் என்பது தூய்மை இல்லை, எடை: 0.2 கிராம், அதில் நூறு சென்ட். பதினாலு கல்லுக்கு 140 சென்ட், அதாவது 0.280 கிராம். தோட்டின் மொத்த எடை 6.280 கிராம் என்றால் தங்கத்துக்குக் காசு கொடுக்க வேண்டியது 6.000 கிராமுக்குத்தான். மொத்த எடைக்குத் தங்க விலை போட்டு, அதன்மேல் கல்லுக்குத் தனியாக விலை போட்டால் கல்லின் எடைக்கு இரண்டு முறை கொடுக்கிறீர்கள். பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனி வரியில் இருக்க வேண்டும். பணிக்கூலி நிகர எடைக்கு மட்டுமே. ஹால்மார்க்கில் 916 என்ற எண்ணோடு ஆறு எழுத்து-எண் கொண்ட அடையாளம் இருக்கும். அதை பிஐஎஸ் கேர் செயலியில் அடித்துப் பார்த்தால் எந்த நகை, என்ன தூய்மை என்று காட்டும். அது தங்கத்துக்கு மட்டுமான சான்று, வைரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஜிஎஸ்டி கேரள-தமிழக எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே 3 சதவீதம்தான். வரியை மிச்சம் பிடிக்க எல்லை தாண்டுவதில் அர்த்தமில்லை.

இனி, இந்தத் தோட்டை விற்கும் சொல்லுக்கு வருவோம்: ‘ப்ளூ ஜாகர்’. இந்தச் சொல்லுக்காகவே காரட்டுக்குக் கூடுதல் விலை சொல்கிறார்கள். ஜாகர் என்பது ஜாகர்ஸ்ஃபான்டைன், தென்னாப்பிரிக்காவில் ஒரு சுரங்க ஊர். 1870ல் அங்கே வைரம் கிடைத்தது. 1893ல் 995 காரட் எடையுள்ள எக்செல்சியர் கல் அங்கிருந்துதான் வந்தது. லேசான நீலச் சாயல் கொண்ட வெள்ளைக் கற்களுக்கு அந்தச் சுரங்கம் பேர் போனது. சுரங்கம் 1971ல் மூடப்பட்டது. இன்று வெல்வெட் தட்டில் வைக்கும் புதுக் கல் அங்கிருந்து வந்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அந்த நீலச் சாயலுக்குக் காரணம் ஒளிர்வு. புற ஊதா ஒளி பட்டால் சில வைரங்கள் நீலமாக மிளிரும், வெயிலில் அந்த ஒளி இருப்பதால் கல் கூடுதல் வெள்ளையாகத் தெரியும். வீட்டு விளக்கில் அந்த உதவி இல்லாததால் உள்ளே இருக்கும் மஞ்சள் வெளியே வரும். ஒளிர்வு மிகுந்தால் சில கற்கள் வெயிலில் பால் கலந்த தண்ணீர் போல மங்கிவிடும். உயர்ந்த நிறத் தரம் கொண்ட, அதாவது மஞ்சள் கலக்காத கல்லில் பலத்த ஒளிர்வு இருந்தால் உலகச் சந்தையில் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள். நம் ஊரில் அதற்கே கூடுதலாகக் கொடுக்கிறோம். சாயல் பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம், அழகுதான். அதற்கென்று ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம், ஆனால் ரூபாய் நோட்டு பார்க்கும் டார்ச்சை நம்பக் கூடாது. அவற்றில் பல 395 நானோமீட்டர் ஒளி. அதில் கண்ணுக்குத் தெரியும் ஊதாவும் கலந்திருப்பதால் எல்லாக் கல்லும் ஊதாவாகத் தெரியும். 365 நானோமீட்டர் டார்ச் வேண்டும். குளோஸ் செட்டிங்கில் இன்னொரு சிக்கல், பதித்த பிறகு கல்லின் பக்கவாட்டைப் பார்க்க முடியாது. ஆகவே பதிப்பதற்கு முன், பொட்டலத்தில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். வெள்ளைக் காகிதத்தை மடித்து, கல்லைக் கவிழ்த்து வைத்து, கடை வாசலில் நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பாருங்கள். பத்து மடங்கு லென்ஸில் கரும்புள்ளியும் கீறலும் தெரியும். காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரக் குற்றங்களைப் பிரித்துப் பேர் வைத்த மொழி நம்முடையது. லென்ஸ் கேட்க யாரும் தயங்க வேண்டாம்.

பெட்டியோடு வழவழத் தாளில் நாலு பக்கக் கையேடு ஒன்று தருகிறார்கள். ‘வைரத்தின் மன்னர்’ என்று, டி பீர்ஸ் வைரக் கம்பெனியை உருவாக்கிய செசில் ரோட்ஸின் வாழ்க்கைக் கதை. படிக்காமல் தூக்கிப் போட வேண்டாம். அதில் இருப்பதை விட இல்லாதது முக்கியம், இந்தத் தோட்டின் விலைக்கு அது நேரடித் தொடர்புள்ளது.

கையேட்டில் உள்ள தேதிகள் சரிதான். 1853 ஜூலை 5ல் இங்கிலாந்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். 17 வயதில், 1870ல், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் பருத்தி போட்டிருந்த அண்ணனிடம் போனார். (அந்தக் கரைக்கு 1860 நவம்பரிலேயே மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் கரும்புத் தோட்டக் கூலிகளைக் கொண்டு இறக்கிவிட்டது. நம்மவர்கள் அவருக்குப் பத்து வருடம் முந்தியவர்கள்.) பருத்தி கைகொடுக்கவில்லை, 1871ல் வைரம் தோண்டும் கிம்பர்லிக்குப் போனார்.

அங்கே நிலம் 31 அடிக்கு 31 அடிச் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது, ஒருவருக்கு இத்தனை என்று வரம்பும் இருந்தது. குழி ஆழமாக ஆகச் சதுரங்களுக்கு நடுவே விட்டிருந்த பாதைகள் சரிந்தன. தண்ணீர் ஊறியது. மேலே இருந்த மஞ்சள் மண் தீர்ந்து, கெட்டியான நீல மண் வந்தது. தனி ஆளால் தாக்குப் பிடிக்க முடியவில்லை. ரோட்ஸும் கூட்டாளி சார்லஸ் ரட்டும் ஐஸ் விற்றார்கள், தண்ணீர் இறைக்கும் ஒப்பந்தம் எடுத்தார்கள், வந்த காசில் டி பீர்ஸ் குழியில் சதுரம் சதுரமாக வாங்கினார்கள். 1876ல் வரம்பு நீங்கியது, 1880ல் டி பீர்ஸ் கம்பெனி பிறந்தது. அடுத்த வருடமே பார்க்லி வெஸ்ட் தொகுதியிலிருந்து, பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கேப் காலனியின் சட்டசபைக்குப் போனார், சாகும் வரை அந்த இடத்தை விடவில்லை.

இந்த இடத்தில் கையேடு ‘மக்கள் பணி’ என்று ஒரு வரியோடு தாண்டிவிடுகிறது. சட்டசபை அவருக்குச் சுரங்கத்தின் இன்னொரு அறை. 1882ன் வைர வணிகச் சட்டம், கையில் பட்டை தீட்டாத கல் இருந்தால் அது நேர்வழியில் வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பை வைத்திருப்பவர் தலையிலேயே கட்டியது. தண்டனை 15 வருடம் வரை. 1880களின் நடுவிலிருந்து கறுப்பினத் தொழிலாளிகளை மூடிய முகாம்களில் அடைத்தார்கள். ஒப்பந்தக் காலம் முடியும் வரை வெளியே போக முடியாது. முடிந்த பிறகும் கல்லை விழுங்கியிருப்பார்களோ என்று சில நாட்கள் துணியில்லாமல், கையில் தோலுறை மாட்டி வைத்திருந்தார்கள். 1890 முதல் 1896 ஜனவரி வரை கேப் காலனியின் பிரதமர். 1892ல் வாக்குரிமைக்கான சொத்து வரம்பு 25 பவுண்டிலிருந்து 75 ஆனது. 1894ன் க்ளென் க்ரே சட்டம், வெளியே கூலி வேலைக்குப் போகாதவர்மேல் பத்து ஷில்லிங் வரி போட்டது. இரண்டும் யாரைக் குறிவைத்தன, யாருடைய சுரங்கத்துக்கு ஆள் சேர்த்தன என்று விளக்க வேண்டியதில்லை. பதவி போனதற்குக் காரணம் 1895 டிசம்பர் 29ல் அவர் ஆதரவோடு, பக்கத்துப் போயர் குடியரசான டிரான்ஸ்வாலுக்குள் புகுந்த ஜேம்சன் படை. 1902 மார்ச் 26ல் 48 வயதில் இறந்தார். அவர் பெயரிலான ஆக்ஸ்ஃபோர்ட் உதவித்தொகை கையேட்டில் அரைப் பக்கம் பிடித்திருக்கிறது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் போராடி 2015 ஏப்ரல் 9ல் அவர் சிலையை அகற்ற வைத்தது ஒரு வரிகூட இல்லை.

தோடு வாங்குகிறவருக்கு இதில் முக்கியமான நாள் 1889 ஜூலை 18. போட்டிக் கம்பெனியான கிம்பர்லி சென்ட்ரலை வாங்க அன்று டி பீர்ஸ் எழுதிய காசோலை 53,38,650 பவுண்டுக்கு. அதன் பெரும் பங்குதாரர் பார்னி பார்னாட்டோவும் அவர் பங்குகளும் ஏற்கெனவே உள்ளே வந்தாயிற்று. அதன் பிறகு உலக வைர உற்பத்தியில் மிகப் பெரும்பங்கு ஒரே கையில். குழிகளில் வேலையைக் குறைத்தார்கள், ஆட்களை நிறுத்தினார்கள், லண்டன் வியாபாரிகள் குழு ஒன்றின் வழியாக மட்டும் கல்லை விட்டார்கள். விலை ஏறியது. வைரம் விலை உயர்ந்திருப்பது மண்ணில் அரிதாக இருப்பதால் மட்டுமில்லை. சந்தைக்கு வரும் அளவை ஒருவர் பிடித்து வைத்ததால் வந்த விலையும் அதில் சேர்ந்திருக்கிறது. அந்தப் பிடி நூறு வருடத்துக்கு மேல் இருந்து, 2000க்குப் பிறகுதான் தளர்ந்தது.

‘தங்கம் மாதிரிதான், எப்போது வேண்டுமானாலும் காசு’ என்று கவுன்டரில் சொல்வதைக் கேட்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். தங்கத்துக்கு அன்றன்றைய விலை பேப்பரில் வருகிறது. வைரத்துக்கு அப்படிப் பொது விலை இல்லை, விற்ற கடையின் சொல்தான் விலை. ஆகவே அந்தச் சொல்லை எழுதி வாங்க வேண்டும். இந்தக் கடையின் பில்லில் ‘பை பேக் உண்டு’ என்று மட்டும் அச்சடித்திருக்கிறது, போதாது. பில் விலையில் எத்தனை சதவீதமா, அன்றைய விலையிலா? பணமாகவா, வேறு நகைக்கு எக்ஸ்சேஞ்ச் மட்டுமா? கல் தெறித்திருந்தால் என்ன கழிவு? வேறு கிளையில் எடுப்பார்களா? நான்குக்கும் பதிலைப் பில்லின் பின்புறம் எழுதி முத்திரை போடச் சொல்லுங்கள். கேட்டால் எழுதித் தருகிறார்கள், கேட்காவிட்டால் தருவதில்லை. சான்றிதழும் பதினாலு கல்லுக்கும் சேர்த்து ஒரே அட்டைதான், நிறம் ‘இ-எஃப்’ (நிறமற்றது), தெளிவு ‘விவிஎஸ்’ (மிக மிகச் சிறிய குறைகள் மட்டும்) என்று. பத்து சென்ட் கல்லுக்குத் தனித்தனிச் சான்றிதழ் வழக்கமில்லை, அதில் தவறு சொல்ல முடியாது. அட்டையை எழுதியது கடையா, வெளி ஆய்வகமா என்று மட்டும் பாருங்கள். ஆய்வகத்தில் வளர்த்த கல்லையும் சாதாரண வெப்பச் சோதனைக் கருவி ‘வைரம்’ என்றே காட்டும், ஏனென்றால் அதுவும் வைரம்தான். விலைதான் பல மடங்கு குறைவு. அதனால் ‘இயற்கை’ என்ற சொல் அட்டையில் இருந்தே ஆக வேண்டும்.

கடைசியாகப் பராமரிப்பு. வைரம் தண்ணீரோடு ஒட்டாது, எண்ணெயோடு ஒட்டும். 1890களில் டி பீர்ஸில் இந்தக் குணத்தை வைத்தே கல்லைப் பிரித்தார்கள்: சாய்வான மேசையில் கொழுப்பைப் பூசி, நொறுக்கிய மண்ணைத் தண்ணீரோடு மேலே ஓடவிட்டால் மற்றதெல்லாம் வழிந்து போகும், வைரம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் உங்கள் காதில் நடப்பதும் அதேதான். ஓபன் செட்டிங் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து சொட்டு விட்டு, இருபது நிமிடம் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் பின்பக்கம் தேய்த்தால் போதும். தொட்டித் துளையை அடைத்துக்கொண்டு செய்யுங்கள். குளோஸ் செட்டிங்கை ஊறவைக்கக் கூடாது. விளிம்பு வழியே உள்ளே போன தண்ணீர் வெளியே வராது, சோப்பும் எண்ணெயும் கல்லின் அடியில் படிந்து கல் கறுத்தது போலத் தெரியும். பிறகு ஆசாரி பதிப்பைப் பிரித்துக் கழுவி மறுபடி கட்டினால்தான் வெளிச்சம் வரும். அதற்கு இந்தக் கடை கூலி வாங்குகிறது, முதல் தடவை மட்டும் இலவசம். எண்ணெய் வைக்கும் முன் தோட்டைக் கழற்றி வைக்கும் பழக்கம் இல்லாதவர்கள் ஓபன் செட்டிங்கே எடுக்கலாம்.